சாமியின் ஈர வேட்டி

“சாமி, எனக்கு உத்தரவு குடுங்க. நான் கிளம்புதேன்,” என்றாள் உலகம்மை.

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எங்க போறீங்க அக்கா?”

“தம்பி வீட்டுக்கு.”

“தம்பி வரச்சொன்னாரா?”

“சொல்லல.”

“தம்பி சம்சாரம்?”

“அவ எங்க சொல்லப்போறா.”

சாமி அடுத்த கொத்தை எடுத்தார். “இங்க என்ன குறை?”

உலகம்மை வலது தோளைக் காட்ட இடது கையைத் தூக்கினாள். இடது கையும் பாதி வழியில் நின்றுவிட்டது. கடைசியில் மோவாயால் காட்டினாள்.

“ரெண்டு தோளும் போச்சு சாமி. வலது கைதான் முதல்ல மக்கர் பண்ணுச்சு. இப்போ இதுவும் கூடச் சேர்ந்துக்கிட்டு. வேலைக்கு ஆகாத உடம்பை வச்சுக்கிட்டு மடத்துச் சோத்தைத் திங்க எனக்கு மனசு வரல.”

“நான் என்ன வேலை செய்யுறேன்?”

“நீங்க சாமி.”

“அதான் கேக்குறேன். என்ன வேலை செய்யுறேன்?”

உலகம்மைக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் பிடிக்காது. பெரியசாமி இப்படிப் பேசமாட்டார். பெரியசாமி பேசவே மாட்டார்.

இவர் சின்னச்சாமி. பெரியசாமி சமாதியான பிறகு மடத்துக்கு வந்தவர். சேலம் பக்கத்துக்காரர். உலகம்மையைவிட வயதில் ரொம்ப இளையவர். குரு அவர்தான், சீடர் அவள்தான். ஆனால் மடத்து வழக்கங்களை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவள். மணியை எப்போது அடிப்பது, எந்தச் செம்பில் தண்ணீர் வைப்பது, யார் எந்த வாசலில் நிற்பது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவளை அக்கா என்று கூப்பிட்டார். அவள் அவர் காலில் விழுந்தாள். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

வழக்கங்களில் பெரிய வழக்கம் துணி.

மடத்துச் சாமிக்கு இரண்டே காவி வேட்டி. ஒன்று இடுப்பில் இருக்கும், ஒன்று கொடியில் இருக்கும். கொடி என்றால் பின்முற்றத்தில் இரண்டு கல்தூணுக்கு நடுவே கயிற்றில் தொங்குகிற மூங்கில். யாருடைய தலையும் தோளும் உரசாத உயரத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் சாமி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருவார். நுனி பிளந்த கவைக்கம்பால் கொடியிலிருக்கும் வேட்டியை எடுத்துக் கொடுக்கவேண்டும். அவர் அதைக் கட்டிக்கொண்டு பூஜைக்குப் போவார். ஈர வேட்டியைத் துவைத்துப் பிழிந்து, கம்பு நுனியில் மாட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கொடியில் போடவேண்டும். போடுகிறவர் குளித்திருக்கவேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. பட்டால் ஆசாரம் போயிற்று.

உலகம்மை புருஷனைப் பறிகொடுத்துவிட்டுச் சின்ன வயதில் இங்கே வந்தவள். “துணியைப் பார்த்துக்கொள்” என்றார் பெரியசாமி. அவர் அவளிடம் பேசியது அது ஒன்றுதான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். துணி இல்லையென்றால் மடத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

நோய் முதலில் விரலில்தான் வந்தது. கணுக்கணுவாக வீங்கியது. பிறகு மணிக்கட்டு, முழங்கால், தோள். டவுன் ஆஸ்பத்திரியில் சரவாங்கி, மூட்டுவாதம் என்றார்கள்.

வீக்கத்தைப் பார்த்து ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கையை அசைக்கவே கூடாது என்று ஒருத்தி சொன்னாள். உலகம்மை துண்டில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். தோள் பூட்டுப்போட்டுக்கொண்டது. வலிக்க வலிக்க வேலை செய்தால்தான் இளகும் என்று இன்னொருத்தி சொன்னாள். உலக்கையை எடுத்து நெல்லுக் குத்தினாள். தோள் நெருப்பாகக் கொதித்தது. தலை சீவக் கை எட்டாமல் கொண்டை போட்டு நாளாயிற்று. ஒருக்களித்துப் படுக்க முடியாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அப்படி ஒரு வீம்பு.

சாமி கேட்டார், “மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?”

“போடுதேன்.”

“எல்லாம்?”

உலகம்மை கீரைக்காம்பைப் பார்த்தாள். “ஒண்ணு மட்டும் போடுறதில்ல.”

“ஏன்?”

“அது திங்கக்கிழமை மாத்திரை.”

சாமியின் கை நின்றது. “அப்படின்னா?”

“வாரத்துல ஒரு நாள்தான் அதைப் போடணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு திங்கக்கிழமை. அதனால திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. திங்கக்கிழமை எனக்கு விரதம்லா. மறுநாள் காலையிலதான சாப்பாடு. வெறும் வயித்துல எப்படிப் போட?”

“மாத்திரையை என்ன பண்ணுனீங்க?”

“டப்பாவுல இருக்கு.”

“எத்தனை நாளா?”

“முதல்ல இருந்தே.”

சாமி கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தார்.

“குறையலையேன்னு டாக்டரம்மா அடுத்த தடவை கூட ரெண்டு எழுதிக் குடுத்தாவ,” என்றாள் உலகம்மை. “அதையும் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.”

“டாக்டரம்மாகிட்ட விரதம்னு சொல்லலாமில்ல?”

“அவங்க படிச்சவங்க. வரிசையில அம்புட்டுப் பேர் நிக்காவ. எப்படிக் கேக்க?”

“என்கிட்ட சொல்லலாமில்ல?”

“விரதம் இடைஞ்சலா இருக்குன்னு உங்ககிட்டயே வந்து எப்படிச் சொல்ல?”

சாமி கீரையை ஓரமாகத் தள்ளிவைத்தார். “டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க. டவுனுக்குப் போவோம்.”

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஒண்ணுகூடப் போடலையாம்மா?”

“திங்கக்கிழமை விரதம்,” என்றாள் உலகம்மை. குரல் அவளுக்கே கேட்கவில்லை. சாமிதான் திரும்பச் சொன்னார்.

“செவ்வாய்க்கிழமை போடுங்க.”

“செவ்வாய்க்கிழமை போட்டாக் கேக்குமா?”

“மாத்திரைக்குக் கிழமை தெரியாதும்மா. ஒரே கிழமையாப் பார்த்து, வாரம் ஒரு தடவை மட்டும் போட்டாப் போதும். தினம் போட்டுறாதீங்க, அது ஆபத்து.”

ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். பழைய டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள். பிறகு எழுந்துவந்து உலகம்மையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

“கட்டியும் போடாதீங்க, வெட்டியும் இழுக்காதீங்க. குனிஞ்சு ஒரு கையை முக்காலியில ஊனிக்கிட்டு, மத்தக் கையைத் தொங்கவிட்டு லேசா ஆட்டுங்க. சுவத்துல விரலால மேல ஏறுங்க. வலி எங்க முறைக்குதோ அங்க நின்னுடுங்க. காலையில எந்திரிச்சதும் தோள் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. வெயில் ஏற ஏற விடும். அதுவரைக்கும் அதுக்கு வேலை வைக்காதீங்க. முக்கியமா, கையைத் தோளுக்கு மேல தூக்கிச் செய்யுற வேலை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். சரியா?”

“சரி,” என்றாள் உலகம்மை.

எல்லாருக்கும் எப்போதும் அவள் சொல்கிற பதில் அதுதான். சாமியும் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் காது இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை. அப்படியே வழியவிட்டாள்.

“இத்தனை வருசம், சாமி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா. ஒரே ஒரு வார்த்தை.”

சாமி பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கியிருந்தார். பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார்.

“நாலு திட்டுத் திட்டுங்களேன்,” என்றாள்.

“திட்டுனா வலி குறையுமா?”

“குறையாது.”

“அப்ப கடலை சாப்பிடுங்க.”

மழைக்காலம் வந்து போயிற்று. மாத்திரை சும்மா இருக்கவில்லை. விரல் வீக்கம் வடிந்தது. செம்பைப் பிடித்தால் நழுவாமல் நின்றது. மதியத்தில் சுவரில் விரலால் ஏறினாள். கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூடியது.

ஆனால் விடியற்காலைத் துணி மட்டும் நிற்கவில்லை. தோள் பிடித்துக்கொண்டு கிடக்கிற அந்த நேரத்தில்தான் கவைக்கம்பை எடுப்பாள். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையை மேலே தள்ளி, எப்படியோ வேட்டியைக் கொடியில் ஏற்றிவிடுவாள். முந்தின நாள் மதியத்தில் சேர்த்ததெல்லாம் அதில் போய்விடும். மறுபடி மதியம் சுவரில் முதலிலிருந்து ஏறுவாள்.

“துணியை நான் காயப்போட்டுக்கிறேன் அக்கா,” என்று சாமி ஒருதரம் சொல்லிப் பார்த்தார். “அந்தச் செடிமேல போட்டாக்கூடக் காஞ்சிடும்.”

அன்றைக்கு முழுக்க உலகம்மை சாப்பிடவில்லை. “பெரியசாமி இருந்தா இப்படி ஒரு பேச்சு வந்திருக்குமா?” என்று அடுப்பிடம் கேட்டாள். சாமி அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

மார்கழி பிறந்தது. குளிரில் தோள் கல்லாகிவிட்டது. ஒருநாள் துவைத்த வேட்டி கம்பிலிருந்து வழுக்கி மண்ணில் விழுந்தது. திரும்பத் துவைத்தாள். திரும்ப விழுந்தது. மூன்றாவது தரம் எப்படிப் போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. அன்று மாலையில் சாமிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“உத்தரவு குடுங்க சாமி.”

“மறுபடியுமா?”

“அலுத்துப்போச்சு. மாத்திரை போடுதேன். ஒத்தடம் குடுக்கேன். சுவத்துல பல்லி மாதிரி ஏறுதேன். எல்லாம் செஞ்சாச்சு. நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா காலையில கண்ணு முழிச்சா அது எனக்கு முன்னாடி முழிச்சு உக்காந்திருக்கு. வலியைக்கூடப் பொறுத்துக்கிடுவேன் சாமி. நாளைக்கும் இது இருக்கும்ங்கிறதுதான் பொறுக்கல.”

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது எப்போதான் போகும்?”

“தெரியலையே அக்கா.”

“சாமிக்கே தெரியாதா?”

“டாக்டரம்மாவுக்கே தெரியல.”

உலகம்மை சுவரில் சாய்ந்தாள். சாயும்போதும் தோள் படாமல் பார்த்துச் சாய்ந்தாள்.

“நான் இல்லைன்னா வேற ஆளு வந்து துணியைப் பார்த்துக்கிடும். நல்ல கையுள்ள ஆளு. எனக்குத் தம்பி வீட்டுல ஒரு மூலை போதும்.”

இந்தத் தரம் அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று அவள் நினைத்தாள். மனசுக்குள் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்றும் சொல்லலாம்.

“சரி,” என்றார் சாமி. “நாளைக்குக் காலைப் பூஜை முடியட்டும். நானே வந்து பஸ் ஏத்திவிடுறேன்.”

உலகம்மை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், இருந்த இரண்டு சேலையை மஞ்சள்பையில் வைத்தாள்.

மறுநாள் இருட்டோடு எழுந்தாள். கடைசி நாள், குறையில்லாமல் செய்துவிட்டுப் போகவேண்டும் என்று இருந்தது. ஒத்தடம் கொடுக்கக்கூட நிற்கவில்லை. குளித்தாள். கொடிக்குக் கீழே போய்க் கவைக்கம்பை எடுத்தாள்.

கம்பு நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

முந்தானையைக் கடித்துக்கொண்டு முழங்கையைத் தள்ளினாள். தள்ளுகிற கைக்கும் அன்றைக்குச் சீவன் இல்லை. கம்பு கையை விட்டு விழுந்தது.

சாமி குளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். வேட்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிசம் சாமி,” என்றாள்.

“சரி,” என்று துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

கம்பைக் குனிந்து எடுத்தாள். தூக்கினாள். விழுந்தது. எடுத்தாள். கிழக்கே வெளுத்தது. பிறகு வெயிலும் வந்தது. சாமி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பால்காரர் சுடலைமுத்து பின்வாசலுக்கு வந்தார். ஆள் நல்ல உயரம். எப்போதும் போலப் பால்செம்பைப் படிக்கல்லில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். இத்தனை காலமும் அந்த இடத்தைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. வராதே என்று உலகம்மை வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அவராக நின்றுகொள்வார். “பால் வந்தாச்சா” என்பதைத் தவிர அவள் அவரிடம் ஒரு பேச்சு பேசியதில்லை.

பின்னாலேயே டவுனிலிருந்து ஒரு சின்னப் புருஷன் பெஞ்சாதி, கைக்குழந்தையோடு. பிள்ளைக்குப் பெயர் வைக்க வந்திருந்தார்கள். முன்வாசலில் மணிச்சத்தமே கேட்கவில்லை என்று சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“சாமி, பூஜை எப்போ?” என்றான் புருஷன்.

“விடிஞ்சதும்.”

அவன் வானத்தைப் பார்த்தான். “விடிஞ்சிட்டுதே சாமி.”

“இல்லையே. இன்னும் விடியல.”

அவன் சுடலைமுத்துவைப் பார்த்தான். சுடலைமுத்து பால்செம்பைப் பார்த்தார்.

உலகம்மைக்கு மானம் போயிற்று. “சாமி, என்ன இது. என்னால நாலு பேர் காத்துக்கிடக்காவ. நீங்க அப்படியே உள்ள போயிப் பூஜையைப் பாருங்க.”

“ஈரத் துணியோட பூஜை அறைக்குள்ள போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

அவள் கம்பை மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

சுடலைமுத்து தொண்டையைச் செருமினார். “நான் வேணா எடுத்துத் தரட்டா சாமி? எனக்கு எட்டும்.”

“அக்காவைக் கேளுங்க.”

சுடலைமுத்து கேட்கவில்லை. அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது வழக்கம் இல்ல,” என்றாள் உலகம்மை.

“அப்ப இன்னும் விடியல,” என்று சாமி தும்மினார்.

குழந்தை அழ ஆரம்பித்தது. தாய்க்காரி பெற்று எழுந்து அதிக நாள் ஆகவில்லை. அவளுக்கும் நிற்க முடியவில்லை. குழாயடியில் முகம் கழுவப்போனவள் பிள்ளையை உலகம்மை பக்கம் நீட்டினாள். “கொஞ்சம் பிடிங்கம்மா.”

“என்னால பிடிக்க முடியாது தாயி. கை வராது.”

சொன்ன பிறகுதான் உலகம்மைக்கு உறைத்தது. டாக்டரம்மாவையும் சாமியையும் தவிர ஒரு மனுஷியிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. “அப்ப உக்காருங்க. மடியில விடுதேன்,” என்றாள்.

உலகம்மை தூணோரம் உட்கார்ந்தாள். பிள்ளை மடிக்கு வந்தது. கை இரண்டும் இடுப்போரம் இருந்த இடத்திலேயே இருந்தன. தூக்கவேண்டிய அவசியமே இல்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. உலகம்மையும் பார்த்தாள். யாரும் அவள் மடியில் பிள்ளையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மடி வெதுவெதுவென்று நனைந்தது.

“அச்சச்சோ, சேலை,” என்று தாய்க்காரி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள்.

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உலகம்மை ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். இனி இந்தச் சேலையோடு அந்த வேட்டியை அவளும் தொடமுடியாது. திரும்பக் குளிக்கவேண்டும். ரவிக்கையைக் கழற்றவேண்டும், மாட்டவேண்டும். இந்தத் தோளை வைத்துக்கொண்டு அது லேசில் முடிகிற காரியமா? அதுவரைக்கும் சாமி ஈரத்தில் விறைத்துக் கிடப்பார். பிள்ளைக்குப் பெயர் கிடையாது. இவ்வளவும் ஆன பிறகும் கம்பு நெஞ்சுக்கு மேலே வரப்போவதில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். யாரையும் கேட்காமலே இருந்ததில் வந்த அலுப்பு.

“அண்ணாச்சி,” என்றாள்.

சுடலைமுத்து பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“உங்களைத்தான் அண்ணாச்சி. எனக்குக் கை வரல. அந்த வேட்டியை எடுத்துச் சாமிகிட்ட குடுங்க.”

“நானா?”

“நீங்கதான். சீக்கிரம் எடுங்க. சாமிக்குச் சளி பிடிக்கப்போவுது.”

சுடலைமுத்து சாமியைப் பார்த்தார். சாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தார். படிக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தார். எட்டி இழுத்தார். வேட்டி வந்துவிட்டது.

சாமி வாங்கிக் கட்டிக்கொண்டு பூஜைக்குப் போனார். மணி அடித்தது. பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். புருஷனும் பெஞ்சாதியும் விபூதி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

சாமி வெளியே வந்தபோது மஞ்சள்பை நிலையோரம் இருந்தது. அவரே குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு அக்கா. வாங்க, போகலாம்.”

உலகம்மை திரும்பவில்லை. வாளியில் ஈர வேட்டி துவைக்காமல் கிடந்தது. அவள் அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து வெறும் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“அண்ணாச்சி, போயிராதிய. இன்னொரு வேலை இருக்கு.”

“சொல்லுங்கம்மா.”

“அந்தக் கயித்தை அவுத்துக் கொடியைக் கீழ இறக்கிக் கட்டுங்க.”

“எம்புட்டுக் கீழ?”

உலகம்மை கொடிக்கு நேரே வந்து நின்றாள். தோளை அசைக்காமல், முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையை மட்டும் முன்னால் நீட்டினாள்.

“இம்புட்டு.”

சுடலைமுத்து கயிற்றை அவிழ்த்தார். மூங்கில் ஆடி ஆடி இறங்கியது. சாமி பையைப் பிடித்தபடி நின்று பார்த்தார்.

“அவ்வளவு கீழ கட்டினா, வர்றவங்க போறவங்க எல்லாரும் தொடுவாங்களே அக்கா.”

“தொட்டுட்டுப் போறாவ,” என்றாள் உலகம்மை.